மாடிக் கம்பத்தில் குடித்தனம் வைத்திருக்கும் உங்கள் தம்பி

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்.
சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

மரியாதைக்குரிய அண்ணி அமிர்தம் அவர்களுக்கு, உங்கள் தம்பி அழகிரியின் பெண்சாதி ஜெகதாம்பாள் கும்பிட்டு எழுதுவது. வையம்பட்டியில் நீங்களும் அண்ணனும், கொல்லையில் போட்ட கடலையும், புதிதாகக் கன்று போட்ட பசுவும் குறைவில்லாமல் இருக்க ரெங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் இருக்கிறேன். சௌக்கியமாக என்று நடுவில் ஒரு வார்த்தை வர வேண்டும், அது எழுத வரவில்லை. அதனால் இருக்கிறேன் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளவும்.

தை மாதம் அவர் கண்ணை மூடியதிலிருந்து நாம் போனில்தானே பேசிக்கொள்கிறோம், இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். பத்து நாளாக என் போன் எந்த லட்சணத்தில் பேசுகிறது என்று உங்களுக்கே தெரியும். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது என்று நீங்கள் சந்தோஷமாகச் சொன்னது, நான் அவரை நினைத்து அழுதுகொண்டிருக்கும்போது வந்து சேர்ந்தது. நான் அழுதது உங்களுக்குச் சீம்பாலைப் பற்றி பேசும்போது வந்து சேர்ந்திருக்கும். நீங்கள் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டீர்கள். இதற்குக் கம்பெனியும் காரணம் இல்லை, கவர்மெண்டும் காரணம் இல்லை. உங்கள் தம்பிதான் காரணம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், அதிலும் இப்போது கோபத்தில் இருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், விட்டுவிட்டு எழுத எனக்கு வராது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திநாலு வருஷம் இஞ்சினுக்கு அடியில் கிடந்த மனுஷன், ரிட்டயர் ஆனால் வீட்டில் காலை நீட்டிப் படுப்பார் என்று நினைத்தேன். அவர் மொட்டை மாடியில் போய் நின்றார். கையில் போன். அதில் சினிமா பார்த்தாரா, பாட்டுக் கேட்டாரா, ஒன்றும் கிடையாது. ஒரு வட்டம் வரும், அதில் ஒரு முள் ஏறி இறங்கும், அது எத்தனை காட்டுகிறது என்று பார்ப்பார், அவ்வளவுதான். போனுக்குள்ளே சமாசாரம் எவ்வளவு வேகமாக வந்து விழுகிறது என்று அளக்கிறாராம். என்னங்க சமாசாரம்னு கேட்டா, சமாசாரம் ஒண்ணும் இல்ல, வேகம் மட்டும்தாம்பார். 3ஜி இருந்த காலத்தில் தண்ணித் தொட்டி ஓரம் கையைத் தூக்கிக்கிட்டு நின்றால் ஏழு காட்டும். 4ஜி வந்ததும் துவைக்கிற கல் பக்கம் முப்பது. கைப்பிடிச் சுவர் முழுக்க சாக்பீஸில் ஏழு, பதினொண்ணு, முப்பது என்று எழுதிவைத்திருந்தார். நான் வடாம் பிழிந்துகொண்டிருப்பேன், "ஜெகதா, நாப்பத்திரெண்டு!" என்று ஒரு கத்தல் வரும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டு வடாம் கோணிக்கொள்ளும்.

போன ஐப்பசியில் ஒரு போன் கம்பெனிக்காரர்கள் வந்து, 5ஜி வரப்போகுது, உங்க மாடியில ஒரு கம்பம் நட்டு டப்பா மாட்டிக்கலாமா என்று கேட்டார்கள். அவர் கையெழுத்துப் போட்ட வேகத்தைப் பார்த்துப் பேப்பர் கொண்டுவந்தவரே, "அய்யா, படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றார். அந்தப் பிள்ளை பெயர் ஆசீர், இஞ்சினியர். "ஆசீர் தம்பி, ஸ்விட்ச் போடுற அன்னிக்கு என்னைக் கூப்பிடாம இருந்துடாதீங்க" என்று அவரிடம் ஏழு தடவையாவது சொல்லியிருப்பார். ஸ்விட்ச் போட இருபது நாள் இருக்கும்போது, காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தவர் வைத்தபடியே போய்விட்டார். அதை நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கருமாதி அன்று ஒரு காக்கா கூடக் கிட்ட வராமல் ஒரு மணி நேரம் நம்மை வெயிலில் உட்கார வைத்தது ஞாபகம் இருக்கும். ஐயர் வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள்தான் எழுந்து நின்று, "டேய் அழகிரி, உனக்கு என்னடா குறை, வந்து தின்னுட்டுப் போடா" என்று ஓர் அதட்டல் போட்டீர்கள். உடனே ஒன்று வந்து, அப்பளத்தை மட்டும் கவ்விக்கொண்டு போனது. அக்கா பேச்சுக்கு அந்தப் பயம் இருந்தது அவருக்கு.

அதற்கு நாலாம் நாள் ஆசீர் வந்து ஸ்விட்ச் போட்டார். நான் மேலே போகவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஆசீர் இறங்கி வந்து, "அம்மா, நானூத்திப் பத்து காட்டுது" என்றார். அவரிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார், நல்ல பிள்ளை. அப்போது மேலே கா என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த டப்பா மேல ஒரு காக்கா உக்காந்திருக்கு அண்ணி. டப்பாவைக் குனிஞ்சு பாக்குது, என்னைப் பாக்குது, மறுபடியும் டப்பாவைக் குனிஞ்சு பாக்குது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நானூத்திப் பத்தைப் பாக்க வேற யாரு வருவா?

சும்மா நம்பிட்டேன்னு நினைக்காதீங்க, சோதிச்சுத்தான் நம்பினேன். நான் பேசினா தலையைச் சாய்ச்சு இடது காதைக் காட்டும். ஒர்க்‌ஷாப்புச் சம்மட்டிச் சத்தத்துல அவருக்கு வலது காது மந்தம்தானே. அப்பளம் இல்லாம சோறு வச்சா, தள்ளி உக்காந்து வேற பக்கம் பாக்கும். ஞாயித்துக்கிழமை கறி இல்லைன்னா முதுகையே காட்டும். இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படித்தான் தன்னைக் காட்டிக்குவான்? தினம் பன்னிரெண்டே முக்காலுக்கு இலைத்துண்டில் சோறு, கூட்டு, ரெண்டு அப்பளம். அவர் தின்கிற வரைக்கும் நான் தண்ணித் தொட்டி நிழலில் நின்று எல்லாம் சொல்லுவேன். ரேஷன்ல பாமாயில் வந்துடுச்சு, கீழ்ப் போர்ஷன் குழாய் ஒழுகுனது நின்னுடுச்சு, என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, இப்படி. உயிரோடு இருக்கும்போது முள்ளைப் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டுவார். இப்போதுதான் ஒழுங்காகக் கேட்டார். அண்ணி, உண்மையைச் சொல்றேன், அந்த ரெண்டு மாசம் எனக்கு நல்லா இருந்துச்சு.

பங்குனி கடைசியில் அவர் கம்பி தூக்க ஆரம்பித்தார். எதிரே வீடு கட்டுகிற இடத்திலிருந்து கட்டுக்கம்பி. என் கொடியிலிருந்து இரும்பு ஹேங்கர் நாலு. கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் சபீனாவின் ஹெட்போன் ஒயர். எதிர்வீட்டுப் பாட்டு வாத்தியார் ரெங்கராஜ் சார் மாற்றிப்போட்டுத் தூக்கி எறிந்த தம்பூராத் தந்தி. எல்லாவற்றையும் கொண்டுபோய் டப்பாவுக்கு முன்னால் வைத்து முறுக்கிப் பின்னினார். ஒர்க்‌ஷாப் ஞாபகம், ஏதோ ரிப்பேர் பார்க்கிறார், கை சும்மா இருக்காதே என்று நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நானே ஒரு ஹேங்கரை வளைத்து வசதியாகச் சுவர் மேல் வைத்தேன். அந்தப் பாவத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அப்புறம் தெருவில் ஒவ்வொன்றாக நின்றது. சபீனா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் படம் வாயைத் திறந்தபடி நின்றுவிடுமாம், மேனேஜர் அதைப் பார்த்து, "ஏம்மா இப்படி அலறுறே" என்று கேட்டாராம். ரெங்கராஜ் சார் சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போனிலேயே பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் சரளி வரிசை முடித்து அலங்காரத்துக்குப் போன பிறகு, அங்கேயிருந்து ஸ, ஸ என்று வருகிறதாம். அவர் திட்டுவது அடுத்த பாட்டில் போய் விழுகிறதாம். எந்தத் தப்புக்கு எந்தத் திட்டு என்று தெரியாமல் ஒரு குழந்தை சரியாகப் பாடும்போது அழுதுவிட்டதாம். ஆசீர் வந்து தெருவில் நின்று அளந்தால் நானூத்திப் பத்து இருந்த இடத்தில் ஒன்பது. அவர் நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் டப்பா மேல் உட்கார்ந்து எங்களைக் குனிந்து பார்த்தார்.

ஆசீர் எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். "அம்மா, பழைய டப்பா எல்லாம் பூவாளி மாதிரி, எல்லாப் பக்கமும் பொதுவாத் தெளிக்கும். இந்த 5ஜி டப்பா ஓஸ் பைப்பு மாதிரி, யார் கையில போன் இருக்கோ அவங்களைப் பாத்துத் திருப்பிப் பீய்ச்சும். அந்த ஓஸ் வாயில இத்தனை கம்பியைக் கொண்டுவந்து அடைச்சு வச்சிருக்கு இந்தக் காக்கா."

"காக்கான்னு சொல்லாதீங்க தம்பி."

"பின்ன என்னம்மா சொல்றது?"

"அய்யான்னே சொல்லுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

ஆசீர் வேதக்காரப் பிள்ளை, இதெல்லாம் அவங்களுக்குக் கிடையாது. ஆனாலும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சரிம்மா, அய்யா அடைச்சு வச்சிருக்காரு. மாடிச் சாவியக் குடுத்தீங்கன்னா கூட்டை எடுத்துட்டு ஒரே நிமிஷத்துல இறங்கிடுவேன்" என்றார். வருஷம் திரும்பாத ஆத்மாவை வீட்டு மாடியிலேருந்து குச்சியால தள்ளச் சொல்றீங்களா என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் தெருவே கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொண்டுவந்தது. முதல் கையெழுத்து ரெங்கராஜ் சார். நின்னபடியே படித்துக் காட்டினார். "பொதுமக்களின் அதிவேக இணையத்துக்கு இடையூறாக இருக்கும் மேற்படி பறவையை" என்று வந்ததும் நான் குறுக்கே பேசினேன்.

"மேற்படி பறவை தன் வீட்டு மாடியில தான் கையெழுத்துப் போட்டு வாங்கின கம்பத்துல உக்காந்திருக்கு. உங்க மாடியிலயா உக்காந்திருக்கு?"

"ஜெகதாம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியறது. ஆனா ஒரு காக்கைக்காக ஒரு தெருவே ஊமையா இருக்கணுமா? பெருமாளுக்கே அடுக்காது. வர சனிக்கிழமை சித்திரைத் தேர், லட்சம் பேர் போனைத் தூக்கிண்டு வருவா. தள்ளி விடுங்கோ அதை!"

"உங்க அப்பாவா இருந்தா தள்ளுவீங்களா சார்?"

"எங்கப்பா இப்படி டப்பா மேல வந்து உக்கார மாட்டார். அவர் சங்கீத வித்வான்."

சபீனாதான் சமாதானமாக, அங்கிள்கிட்டயே கேட்டுப் பாக்கலாமே ஆன்ட்டி என்றாள். அது நியாயமாகப் பட்டது. எல்லாரையும் மாடிப்படி வரைக்கும் விட்டேன், அதற்கு மேல் இல்லை. அவள் கும்பிடுகிற மாதிரி ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு, "அங்கிள், பத்தரைக்கு மீட்டிங் இருக்கு, கொஞ்சம் மட்டும் நகந்து உக்காருங்க அங்கிள்" என்றாள். அவர் நகரவில்லை. கா என்றுகூடச் சொல்லவில்லை. வலது காதுப் பக்கம் நின்னு பேசியிருப்பா, கேட்டிருக்காது என்று நானே அவருக்காகப் பேசினேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் நேற்று திங்கட்கிழமை ஆசீர் மறுபடி வந்து, எடுக்கலைம்மா, என்ன நிலைமைன்னு ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன், மேலே அனுப்பணும் என்று கெஞ்சினார். சரி என்று கூடவே போனேன். என் ஒட்டடைக் குச்சி நுனியில் போனைக் கட்டித் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். எடுத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, முட்டை இருக்கு. நாலு."

"முட்டையா? அவரா போட்டாரு?"

"அவரு எப்படிம்மா போடுவாரு? கூட்டுக்குள்ள இன்னொண்ணு படுத்திருக்கு பாருங்க, அது பொட்டை. கீழ வந்து உங்ககிட்ட சோறு வாங்கிட்டுப் போறாரே, அவருதான் ஆம்பளை. அவரு எடுத்துட்டு வந்து இதுக்கு ஊட்டுவாரு."

அண்ணி, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சித்திரை வெயில் தரை, அதுகூடச் சுடவில்லை. ரெண்டு மாசமா அப்பளத்தை உடைக்காம முழுசாத் தூக்கிக்கிட்டுப் போவார். அவ்வளவு ஆசையா, தனியா உக்காந்து ருசிச்சுத் தின்பார் போலன்னு நினைச்சு நானும் ரெண்டு அப்பளத்தை மூணாக்கினேன், மூணை நாலாக்கினேன். எவளோ ஒருத்தி கால் மேல் கால் போட்டுத் தின்னுக்கிட்டு இருந்திருக்கா! நான் முழங்கால் வலியோட பதினெட்டுப் படி ஏறி, அவளுக்குக் கூட்டு வேற! என் முழங்கால் வலியைப் பத்தி நான் சொன்னதையெல்லாம் மேல போய் அவகிட்ட சொல்லிச் சிரிச்சாரோ என்னமோ. ஹேங்கர் வளைச்சுக் குடுத்தேனே, அது அவளுக்குக் கட்டில்!

பழசைக் கிளறுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம், பிள்ளை இல்லை என்று நீங்கள் மணப்பாறைப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டு, என்னை வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டீர்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேங்க்கா" என்று எழுந்தவர், நேரே போய் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்துவிட்டார். பயத்தில் என்னையே விட்டுவிட்டு வந்துவிட்டார். மறுநாள்தான் ஞாபகம் வந்து, திரும்பி வந்து வையம்பட்டி எல்லையில் நின்றுகொண்டு ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீங்கள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் அதை மறக்கவில்லை. ஊரில் எவளாவது என்னைப் பார்த்து ஒரு மாதிரி முகத்தைத் திருப்பினால், அந்த பஸ்ஸை நினைத்துக்கொள்வேன். அதற்கப்புறம் இத்தனை வருஷமும் அந்த ஒரு பஸ்தான் என்னைத் தாங்கியது. இப்போது பாருங்கள். என்கூட இருந்த வரைக்கும் ஒண்ணும் இல்லை, செத்து மூணு மாசத்துல நாலு! அப்போ நீங்க பார்த்த பொண்ணையே கட்டியிருக்கலாமே, இத்தனை கம்பி முறுக்க வேண்டாமே.

கோபத்தில் சாவியை ஆசீரிடம் எறிந்தேன். எடுத்துப் போடுங்க தம்பி, அவரையும் அவளையும் கூட்டையும் என்றேன். ஆசீர் சாவியை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்து, "வெள்ளிக்கிழமை காலையில வரேம்மா, அதுவரைக்கும் யோசிச்சுக்குங்க" என்றார். யோசித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீங்கள் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வர வேண்டும். ஒரு இஞ்சினியர் வந்து குச்சியால் தள்ளி அவர் போகக் கூடாது. குடும்பத்து விஷயத்தைக் குடும்பத்துப் பெரியவங்கதான் தீர்க்கணும். கருமாதியிலே ஓர் அதட்டலுக்கு வந்தார் இல்லையா, அதே மாதிரி நீங்கள் மாடியில் நின்று, "டேய் அழகிரி, இறங்குடா" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். நான் சொன்னால் இடது காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இறங்க மாட்டார்.

அவளை நான் வீட்டில் சேர்க்க மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் முட்டைகள் விஷயம் வேறு. அதுங்க உங்க தம்பி பிள்ளைங்க, நீங்கதான் அத்தை. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு பழைய கூடையில் வைக்கோல் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் வரும்போது இன்னும் கொஞ்சம் வைக்கோல் கொண்டுவந்தால் நல்லது, இங்கே பால்காரர் தருவது ஈரமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதன்படி நடப்பேன். ஆனால் வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், வெள்ளிக்கிழமை அவர் போய்விட்டால் நான் சோறு வைக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

அண்ணனுக்கு என் கும்பிடு. கிடாரிக் கன்றுக்கு என் ஆசீர்வாதம், அது நீண்ட ஆயுசோடு உங்கள் கட்டுத்தறியிலேயே இருந்து பால் கொடுக்கட்டும். தெருவில் என்னைப் பற்றி யாராவது விசாரித்தால் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லவும்.

இப்படிக்கு உங்கள் சொல் தட்டாத,
ஜெகதாம்பாள்.

பின்குறிப்பு: புதன்கிழமை சாயங்காலம். காலையில் கவரில் பசை தடவுவதற்குள் ஆசீர் வந்துவிட்டார். தேருக்கு முன்னால் முடித்தே ஆகணும் என்று மேலே இருந்து உத்தரவாம், வெள்ளிக்கிழமை வரை தாங்காதாம். ரெங்கராஜ் சாரும் மேற்பார்வை பார்க்கிறேன் என்று கூட ஏறினார். நான் சாவியைக் கொடுத்துவிட்டுப் படி வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஆசீர் குச்சியைத் தூக்கியதுதான் தாமதம், மேலேயிருந்து கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், காக்கா ஆசீரை விட்டுவிட்டு ரெங்கராஜ் சார் உச்சந்தலையில் நங் நங் நங் என்று கொத்திவிட்டுக் கம்பத்துக்குப் போய்விட்டது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரத்தம் வருதா சார் என்று ஓடினேன்.

"எத்தனை? எண்ணினேளா?" என்றார்.

"மூணு சார்."

"மூணுதானே? நடு உச்சியிலதானே? சுருதி தப்பினா எங்கப்பா இதே இடத்துல மூணே குட்டுதான் குட்டுவார். நாலாவது கிடையாது." மனுஷன் கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடுகிறது. கூட்டைப் பார்த்தார். "அம்மாவும் வந்திருக்கா" என்று அந்தச் சூட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சேவித்தார். போன வருஷம்தான் அவர் அம்மா தவறினாங்க, அப்பா அதற்கு முந்தின வருஷம். எழுந்து மனுவைக் கிழித்துப்போட்டார். கூட்டில் கை வைத்தால் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். தேருக்கு என் மாடியில தற்காலிகமா ஒரு டப்பா மாட்டிக்கோங்கோ என்று ஆசீரிடம் சொல்லிவிட்டு, குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் பாட்டு கிளாஸ் லீவு என்று சிங்கப்பூருக்குச் சொல்லிவிட்டார். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

நான் சண்டைக்குப் போவேன் என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் போகவில்லை அண்ணி. உங்க தம்பி என்னைக்காவது யாரையாவது கை நீட்டி அடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா? காலில் கொசு உக்காந்தா ஊதித்தான் விடுவார். அது அவர் இல்லை. மூணு கொத்துப் போதும், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மேலே நான் எழுதியிருப்பதெல்லாம் வேறொரு வீட்டுச் சமாசாரம். அவர் யாரையும் கட்டிக்கவில்லை. அந்த அம்மாளை எவளோ ஒருத்தி என்று எழுதினதுக்குக் கூட்டுக்குக் கீழே நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதனால் நீங்கள் பஸ் ஏறி வர வேண்டாம். ஆனால் இன்றைக்குக் கீழே வாசலில் இலை போட்டேன். ஆறேழு வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தின்றன. அதில் அவர் இல்லை. இத்தனை நாள் நான் சொன்னதில் ஒன்றுகூட அவர் காதில் விழவில்லையா என்று இருக்கிறது. ஒருவேளை அங்கே வந்திருப்பாரோ? உங்கள் கொல்லையில், மற்றக் காக்கா எல்லாம் தின்று முடித்த பிறகு, யாரையும் அடிக்காமல் கடைசியாக ஒன்று வந்தால் விரட்டாதீர்கள். நான் திட்டினது அவரை இல்லை என்று சொல்லுங்கள். உடனே கிளப்பிவிடாதீர்கள், வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். வையம்பட்டியிலிருந்து இங்கே தூரம்.